ஊரை விட்டுக் கிளம்பிய பித்தளை
தினான் நகரும் அதன் மரபும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



உலக நகரம் ஒன்றின் மரபைப் பற்றி ஆண்டுக்கொரு உரை என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். பாரிஸைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். 13,000 பேருக்குச் சற்று அதிகமானோர் வசிக்கிற தினான் என்கிற ஊரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியில் சிறிது நேரம் சத்தமே இல்லை.

தினானைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் திருநெல்வேலியில் பித்தளைப் பாத்திரம் விற்றவர். பித்தளையால் பெயர் பெற்ற ஊரைப் பற்றிய பேச்சு அவருக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது காரணம் இந்த மண்டபத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆறும் பாறையும்

பெல்ஜியத்தில் ஆட்சிமொழிகள் மூன்று. வடக்கே டச்சு, தெற்கே பிரெஞ்சு, கிழக்கு ஓரத்தில் சிறிய பகுதியில் ஜெர்மன். பிரெஞ்சு பேசும் தெற்குப் பகுதிக்கு வலோனியா என்று பெயர். அங்கே நமூர் மாகாணத்தில், மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது தினான். பெயரின் கடைசியில் எழுத்தில் ஒரு 'ட்' உண்டு. பிரெஞ்சு வாய் அதை விழுங்கிவிடும்.

மியூஸ் பிரான்சில் பிறந்து, பெல்ஜியத்தைக் கடந்து, நெதர்லாந்தில் மாஸ் என்று பெயர் மாறிக் கடலுக்குப் போகிறது. மொத்தம் 900 கிலோமீட்டருக்கு மேல். தினான் பக்கத்தில் அது சுண்ணாம்புப் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. பாறை நேராக 100 மீட்டர் எழுந்து நிற்கிறது. பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் மிஞ்சிய ஒடுங்கிய நிலத்தில்தான் ஊர். அதனால் ஊருக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. தெருவில் நின்று கையை நீட்டினால் ஒரு கை பாறையிலும் மறு கை தண்ணீரிலும் படும் போலத் தோன்றும்.

ஊரின் படம் எதைப் பார்த்தாலும் மூன்று அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கீழே ஆறு, அதன் மேல் நோத்ர்தாம் தேவாலயம், அதற்கும் மேல் கோட்டை. 13ஆம் நூற்றாண்டில் பாறை சரிந்து பழைய தேவாலயத்தை நசுக்கிவிட்டது. ஊர்க்காரர்கள் வேறு இடம் தேடவில்லை. அதே பாறையடியில் கோதிக் பாணியில் புதிதாகக் கட்டினார்கள். அதன் மணிக்கூண்டு வெங்காயம் போல் உருண்டு கூர்ந்த கறுப்பு முடியோடு நிற்கிறது. கோட்டைக்கு 408 படிகள். படி ஏற மாட்டாதவர்களுக்குக் கம்பிவட வண்டி இருக்கிறது. இப்போது நாம் பார்க்கிற கோட்டை, அந்தப் பகுதி நெதர்லாந்து முடியாட்சியின் கீழ் இருந்தபோது 1818க்குப் பிறகு எழுந்தது. அதற்கு முன்பிருந்த கோட்டைகள் பலமுறை இடிக்கப்பட்டவை.

ஏன் இத்தனை இடிப்பு? மலைப்பகுதியில் ஆற்றுப் பள்ளத்தாக்குதான் சாலை. சரக்கு வருகிற வழியில் படையும் வரும். பாலம் இருக்கிற ஊர் இரண்டுக்கும் வேண்டும். தினானின் வரலாறு முழுவதும் இந்த ஒரே காரணத்திலிருந்து விரிகிறது. ஆறு அந்த ஊருக்குச் சோறும் போட்டது, சூறையாடவும் ஆள் கூட்டி வந்தது.

மூசையில் பிறந்த பெயர்

முதலில் சோறு போட்ட கதை. இடைக்காலத்தில் தினான் செம்பு, பித்தளை வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. இன்று இரண்டு உலோகத்தையும் எடுத்து உருக்கிக் கலந்துவிடுவோம். அன்றைய ஐரோப்பியக் கன்னார்களுக்குத் துத்தநாகத்தைத் தனி உலோகமாகத் தெரியாது. காரணம் எளியது. செம்பு உருக 1085 டிகிரி சூடு வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தாதுவை உலையில் போட்டால் உலோகம் புகையாகிப் போகும், அடியில் எதுவும் தங்காது.

அவர்கள் கண்ட வழி இது: காலமைன் என்கிற துத்தநாகத் தாதுவைப் பொடித்து, கரித்தூளோடு கலந்து, செம்புத் துண்டுகளோடு மூசையில் அடைத்து மூடிச் சூடேற்றுவது. உள்ளே எழுகிற ஆவியைச் செம்பு குடித்துக்கொள்ளும். சிவந்த உலோகம் மஞ்சளாகி வெளியே வரும். கண்ணால் காணாத ஓர் உலோகத்தை அதன் ஆவியைக் கொண்டு பிடித்தவர்கள் அவர்கள். காலமைன் கிழக்கே ஆஹன் நகரத்துப் பக்கத்திலிருந்து வந்தது. செம்பு ஜெர்மன் மலைகளிலிருந்து வந்தது. மூசைக்கும் வார்ப்பு அச்சுக்கும் ஏற்ற களிமண் அருகிலேயே கிடைத்தது. எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்க்கவும், செய்த பொருளைக் கொண்டுபோகவும் ஆறு இருந்தது.

அண்டா, குடம், மெழுகுவர்த்தித் தண்டு, தேவாலயத்தில் வேதநூலைச் சிறகில் தாங்கும் கழுகு வடிவப் பீடம் எல்லாம் இங்கே உருவாயின. தொங்கரன் நகரத் தேவாலயத்தில் இன்றும் நிற்கிற கழுகுப் பீடமும் பெரிய மெழுகுவர்த்தித் தண்டும் 1372இல் தினானைச் சேர்ந்த ஜான் ஜோசே செய்தவை. லண்டனில் ஹான்சா என்கிற ஜெர்மானிய வணிகக் கூட்டமைப்பு பெற்றிருந்த சலுகைகளில் தினான் வணிகர்களும் பங்குபெற்றார்கள்.

திண்டுக்கல் பூட்டு என்கிறோம். அங்கே பூட்டுக்கு முன்னால் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே அதற்கும் ஒரு படி மேல். ஊர்ப்பெயரே பொருளின் பெயராகிவிட்டது. பிரெஞ்சு மொழியில் செம்பு, பித்தளைக் கலைப்பொருள்களுக்குத் தினாந்தெரி என்று பெயர். செய்கிறவர் தினாந்தியே. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் ஒருவர் சுத்தியலால் தட்டிச் செய்கிற செம்புத் தட்டுக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான். அவர் தினானைக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம்.

1466

ஆற்றின் எதிர்க்கரையில் புவீஞ் என்று ஓர் ஊர். அங்கேயும் அதே உலோக வேலை. தினான் லியேஜ் ஆயரின் ஆட்சியில் இருந்தது. புவீஞ் நமூர்ப் பிரபுவின் ஆட்சியில் இருந்தது, பின்னால் பர்கண்டிப் பிரபுக்களிடம் போனது. ஒரே தொழில், ஒரே ஆறு, நடுவில் அரசியல் எல்லை. பகை வளர இதற்கு மேல் என்ன வேண்டும்?

பர்கண்டிப் பிரபு பிலிப்போடு லியேஜ் நாட்டுக்குச் சண்டை மூண்டபோது, தினான்காரர்களில் சிலர் பிரபுவின் மகன் சார்ல்ஸின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டு, அவன் பிறப்பையும் இழிவாகப் பேசியதாகச் சொல்வார்கள். வாய்க்கொழுப்புக்குக் கொடுத்த விலை பெரிது. 1466 ஆகஸ்டில் பர்கண்டிப் படை பீரங்கிகளோடு வந்து முற்றுகையிட்டது. ஊர் சில நாள்களில் விழுந்தது. கொள்ளையும் தீயும் முடிந்தபின், 800 பேரை இருவர் இருவராகப் பிணைத்து மியூஸில் தள்ளினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

தப்பிய கன்னார்கள் சிதறினார்கள். நமூருக்கும் ஹுய் நகருக்கும் ஃபிளாண்டர்ஸின் மிடில்பர்குக்கும் போனார்கள். எங்கெங்கே போனார்களோ அங்கெல்லாம் துருத்தி ஊதினார்கள். தினான் மறுபடி எழுந்தது, கன்னார்களில் சிலர் திரும்பினார்கள். ஆனால் அந்தத் தொழிலின் தலைநகர் என்கிற இடம் திரும்பவில்லை. ஊர்ப்பெயர் உலோகத்தின் பெயராக நிலைத்தது. உலோகம் ஊரில் நிலைக்கவில்லை.

அந்த முற்றுகையோடு ஒரு பலகாரக் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். முற்றுகைக் காலத்தில் மாவும் தேனும் மட்டுமே மிஞ்சியதாம். பெண்கள் இரண்டையும் பிசைந்து, பித்தளைப் பட்டறையில் கிடந்த அச்சுகளில் அழுத்திச் சுட்டார்களாம். அப்படிப் பிறந்ததாம் தினான் கூக். கதைக்குச் சான்று கேட்கக் கூடாது. பலகாரம் மட்டும் உண்மை. கோதுமை மாவு, தேன் இரண்டே சரக்கு. தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. செதுக்கிய மர அச்சில் அழுத்தி எடுப்பதால் ஒவ்வொன்றும் ஒரு சிற்பம்: மீன், சேவல், பழக்கூடை, ஊரின் தேவாலயம். கல்லைப் போல் இறுகியிருக்கும். கடிக்க முயன்றால் பல் போகும். உடைத்து வாயில் ஒதுக்கிக்கொண்டு ஊறவைக்க வேண்டும், அல்லது காப்பியில் தோய்க்க வேண்டும். நான் முதலில் கடித்தேன். கடைக்காரம்மா சிரித்த சிரிப்பிலிருந்து, அன்று கடித்த முதல் ஆள் நான் இல்லை என்று தெரிந்தது.

பாறையைச் சுமந்து போனவரும் குழந்தையாகப் போனவரும்

தொழிலாளர்களுக்குப் பின் கலைஞர்கள் போனார்கள். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தினானிலோ புவீஞிலோ பிறந்தவர் யோவாக்கிம் பாட்டினிர். எந்தக் கரை என்பதில் இரண்டு ஊருக்கும் இன்றுவரை வழக்கு. ஆன்ட்வெர்ப் நகருக்குப் போய் ஓவியரானார். அந்தக் காலத்து ஓவியத்தில் மனிதர்கள் முன்னால் நிற்பார்கள், நிலம் பின்னால் திரைச்சீலை போலத் தொங்கும். பாட்டினிர் அதைப் புரட்டிப் போட்டார். புனிதர்கள் எறும்பு அளவுக்குச் சிறுத்தார்கள். மலையும் ஆறும் படத்தை நிறைத்தன. அவர் வரைந்த செங்குத்துப் பாறைகளைப் பார்க்கிறவர்களுக்கு மியூஸ் கரை நினைவுக்கு வராமல் போகாது. 1521இல் அவர் திருமணத்துக்கு ஜெர்மன் ஓவியர் ட்யூரர் விருந்தாளியாக வந்தார். ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர் என்று இன்று பாட்டினிரைச் சொல்கிறோம்.

ஊர் மிக உரக்கக் கொண்டாடுவது இன்னொருவரை. அடோல்ஃப் சாக்ஸ், 1814 நவம்பர் 6இல் தினானில் பிறந்தவர். சாக்ஸஃபோனைச் செய்தவர். பாலத்தின் இருபுறமும் வண்ணம் தீட்டிய பெரிய பெரிய சாக்ஸஃபோன்கள் நிற்கின்றன. அவர் பெயரில் தெரு உண்டு. வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலை உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் போவதில்லை. அவர் பெயரிலான பன்னாட்டுப் போட்டி 1994இல் தொடங்கியது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பித்தளை ஊரில் பிறந்தவன் பித்தளைக் கருவி செய்தான், மரபு ரத்தத்தில் ஓடுகிறது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சாக்ஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பிரசெல்ஸ் போய்விட்டது. கருவி செய்யக் கற்றது அங்கே, தந்தையின் பட்டறையில். 1842இல் பாரிஸ் போனார். 1846இல் சாக்ஸஃபோனுக்குக் காப்புரிமை பெற்றார். பின்பு ஆயுள் முழுக்கப் போட்டியாளர்களோடு நீதிமன்றத்தில் கழிந்தது. மூன்று முறை திவாலானார். 1894இல் பாரிஸில் இறந்தார். தினான் அவருக்குத் தொட்டில் மட்டுமே கொடுத்தது.

அவர் செய்த கருவியின் சூட்சுமம் சுவையானது. உடல் முழுக்கப் பித்தளை. ஆனால் ஒலி பிறப்பது கிளாரினெட்டில் உள்ளது போன்ற ஒற்றை நாணல் சீவாளியில். அதனால் இசை நூல்கள் அதை மரக்குழல் வகையில் சேர்க்கின்றன. ராணுவ வாத்தியக் குழுவில் பித்தளைக் கருவிகளின் உரப்புக்கும் மரக்குழல்களின் குழைவுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அதை நிரப்பத்தான் அவர் முனைந்தார். பிரெஞ்சு ராணுவ இசைக்காகப் பிறந்த கருவி அமெரிக்காவில் ஜாஸின் குரலானது. நமக்கு அது கதிரி கோபால்நாத் வழியாக வந்தது. நாகஸ்வரக் கலைஞரின் மகனான அவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸஃபோனைக் கேட்டு மயங்கி, அதில் கர்நாடக இசையை வசப்படுத்தினார். கமகம் பேசும்படி கருவியில் மாற்றங்களும் செய்துகொண்டார். 'டூயட்' படத்தில் ஒலித்த சாக்ஸஃபோன் அவருடையது. தினானுக்கும் கல்யாணி ராகத்துக்கும் இடையே இப்படி ஒரு தடம் உண்டு. அதை யாரும் திட்டமிட்டுப் போடவில்லை.

ஆகஸ்ட் 23

இனிச் சொல்வது கடினமான பகுதி. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தன. தினான் பாலம் மறுபடி எல்லோருக்கும் தேவைப்பட்டது. ஆகஸ்ட் 15 அன்று பிரெஞ்சுப் படைக்கும் ஜெர்மன் படைக்கும் அங்கே மோதல். பாலத்தருகே காலில் குண்டு பட்டு விழுந்த இளம் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் பெயர் சார்ல் தெ கோல். பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவர். பாலம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று, சாக்சனி நாட்டுப் படைப்பிரிவுகள் ஊருக்குள் இறங்கின. எதிர்க்கரையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் சுட்டார்கள். ஊர்மக்கள் வீட்டுக்குள்ளிருந்து சுடுகிறார்கள் என்று ஜெர்மானியர்கள் நம்பினார்கள். மக்களைத் தெருத்தெருவாகத் திரட்டிச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஊர் எல்லையில் பயார் பாறை என்று ஊசி போல் நிற்கும் பாறை ஒன்று உண்டு. கதைகளில் வரும் மாயக்குதிரை தன் குளம்பால் பிளந்தது என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். அதன் அடியிலும் சுட்டார்கள். இறந்தவர்கள் 674 பேர். ஊரின் மக்கள்தொகை அன்று ஏறத்தாழ 7,000. பத்துப் பேரில் ஒருவர். இறந்தவர்களில் பிறந்து மூன்றே வாரமான குழந்தையும் உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. தேவாலயக் கூரையும் மணிக்கூண்டும் எரிந்தன. நானூறு பேர் அளவில் ஜெர்மனிக்குக் கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள்.

மக்கள் சுட்டார்கள் என்ற குற்றச்சாட்டைப் பிற்கால வரலாற்றாய்வு ஏற்கவில்லை. பயமும் வதந்தியும் செய்த வேலை அது. ஊர் 1936இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியது. 1940இல் மறுபடி வந்த ஜெர்மன் படை அதை இடித்தது. 2001 மே மாதத்தில்தான் ஜெர்மன் அரசின் பிரதிநிதி தினானுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். 87 ஆண்டுகள் ஆயின.

இன்று ஒவ்வோர் ஆகஸ்ட் 15 அன்றும் அதே ஆற்றில் குளியல் தொட்டிப் படகுப் போட்டி நடக்கிறது. பழைய குளியல் தொட்டிகளை அலங்கரித்து மிதக்கவிட்டு, கரையெல்லாம் கூட்டம் கூச்சலிடும். 1980களில் தொடங்கிய வேடிக்கை. எட்டு நாள் கழித்து அதே கரையில் 674 பேரை நினைவுகூர்கிறார்கள். சிரிப்பும் துக்கமும் அந்த ஊர் நாட்காட்டியில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

களக்காடு

அந்த ஆகஸ்டில் தினானை விட்டு ஓடிய குடும்பங்களில் ஒன்றில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். 1910இல் தினானில் பிறந்தவன். குடும்பம் பிரான்சில் அகதிகளாக இருந்துவிட்டு, 1918க்குப் பிறகு இடிபாடான ஊருக்குத் திரும்பியது. அந்தச் சிறுவன் வளர்ந்து தொமினிக்கன் சபைத் துறவியானார். டொமினிக் பீர் என்று பெயர். பெயரைக் கேட்டு மாணவர்கள் சிரிக்க வேண்டாம். தினானின் லெஃப் பகுதியில் 1152இல் நிறுவிய மடத்தின் பெயரில் உலகெங்கும் பீர் விற்கிறார்கள், உண்மைதான். அதற்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆண்டுகள் போன பிறகும் நாடற்றவர்கள் முகாம்களில் கிடந்தார்கள். முதியவர்கள், நோயாளிகள், எந்த நாடும் உழைப்புக்குக்கூட ஏற்காதவர்கள். 1949 முதல் பீர் அவர்களுக்காக உழைத்தார். முகாமிலிருந்து அவர்களை மீட்டு வீடு கட்டிக் கொடுக்க 'ஐரோப்பியக் கிராமங்கள்' என்ற திட்டம் தொடங்கினார். முதல் கிராமம் 1956இல் எழுந்தது. எங்கே தெரியுமா? ஜெர்மனியில், ஆஹன் நகரில். தினான் கன்னார்களுக்குக் காலமைன் வந்த அதே ஆஹன். ஜெர்மன் படையிடம் ஊரைப் பறிகொடுத்து ஓடிய குழந்தை, ஜெர்மன் மண்ணில் அகதிகளுக்கு வீடு கட்டியது. 1958இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதன்பின் அவர் பார்வை ஆசியாவுக்குத் திரும்பியது. கிராமம் ஒன்றைத் தேர்ந்து, உணவிலும் உடல்நலத்திலும் கல்வியிலும் அது தன் காலில் நிற்கும்வரை சில ஆண்டுகள் துணைநின்று, பிறகு விலகிவிடுவது. இதற்கு 'அமைதித் தீவுகள்' என்று பெயரிட்டார். முதல் தீவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் கோஹிரா. இரண்டாவது தீவு, 1960களின் பிற்பகுதியில், நம் திருநெல்வேலிச் சீமையில் களக்காடு. இங்கிருந்து பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதலில் சொன்ன இரண்டாவது காரணம் இதுதான். பீர் 1969 ஜனவரியில் காலமானார்.

ஓர் ஊரின் மரபு என்று நாம் பெரும்பாலும் நிற்பதைத்தான் எண்ணுகிறோம்: கோட்டை, கோபுரம், பாலம். தினானில் நிற்பவையெல்லாம் ஒரு முறையாவது இடிந்தவை. இடியாமல் பிழைத்தவை ஊரை விட்டுக் கிளம்பியவை. கன்னார்களோடு போன கைவேலை, பாட்டினிரோடு போன பாறை, தொட்டிலோடு போன சாக்ஸ், ஓர் அகதிச் சிறுவனோடு போன நினைவு. ஊர் தன்னிடம் தங்கியதைவிடத் தன்னை விட்டுப் போனதால்தான் இன்று அறியப்படுகிறது. கிளம்பியது எங்கே போய் இறங்கியது என்று தேடாமல் எந்த ஊரின் மரபையும் எழுதி முடிக்க முடியாது என்பது என் துணிபு.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தினானின் சாக்ஸைப் பற்றி எத்தனையோ நூல்கள் உண்டு. அமைதித் தீவு களக்காட்டில் இறங்கியபோது அங்கே இளைஞர்களாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது இருக்கும். யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று அவர்களைக் கேட்டு எழுதுங்கள். குறைகளையும் விடாமல் எழுதுங்கள். மியூஸ் கரையில் தொடங்கிய கதையின் கடைசி அத்தியாயம் அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. காலம் தாழ்த்த வேண்டாம்.